விசிலடித்த மூச்சு

என் மேசை இழுப்பறையில் ஒரு விசில் இருக்கிறது. நிக்கல் பூச்சு அங்கங்கே உதிர்ந்து பித்தளை எட்டிப் பார்க்கும். உள்ளே கிடக்கும் தக்கை உருண்டை இன்றைக்கும் ஒழுங்காகச் சுழலும். கண்டக்டர் வேலையை விட்டபோது பையை வாங்கிக்கொண்டார்கள், சட்டையை வாங்கிக்கொண்டார்கள், விசிலை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஒருவேளை அதன் நிலைமையைப் பார்த்து அருவருத்திருக்கலாம். அதைக் கட்டியிருக்கும் கறுப்புக் கயிறு நுனியில் பஞ்சுபஞ்சாகப் பிரிந்திருக்கும். நான் கடித்ததல்ல. பால்பல் முளைத்த காலத்தில் என் மகள் கடித்தது. அந்தக் கயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகளுக்கு முன்னால் டிரைவர் அண்ணன்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

எண்பதுகளில் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் அவர் டிரைவர், நான் கண்டக்டர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். பேச்சில் சிக்கனம். நானோ பேச்சில் ஊதாரி. முண்டியம்பாக்கம் வந்தால், “சக்கரை ஆலை ஸ்டாப்பு, சக்கரை வியாதி இருக்கறவங்க மூச்சப் புடிச்சிக்கினு எறங்குங்க” என்பேன். விக்கிரவாண்டி வந்தால் வேறொன்று. பயணிகளில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் என்னைத் தெரிந்தவர்கள். டிரைவர் அண்ணன் ஒருநாளும் சிரித்ததில்லை. அவருக்கும் எனக்கும் நடுவே ஓடியதெல்லாம் விசில் பாஷைதான். ஒரு விசில் என்றால் நில். ரெண்டு விசில் என்றால் ரைட், கிளம்பு. அதற்கு மேல் நான் சொல்வது எதையும் அவர் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆனால் அந்தக் காது லேசுப்பட்ட காதல்ல. விழுப்புரம் பஸ் நிலையத்தில் காலை வேளையில் எத்தனை கண்டக்டர்கள் எத்தனை விசில் ஊதுவார்கள். அந்த இரைச்சலிலும் என் விசிலுக்குத்தான் வண்டி நகரும். ஒருமுறை எனக்குத் தொண்டை கட்டி, பக்கத்து வண்டி நண்பனை அவனுடைய விசிலை ஊதச் சொன்னேன். ரெண்டு தடவை அழகாக ஊதினான். வண்டி அசையவில்லை. முன்னால் போய் என்ன என்று கேட்டேன். “அது உன்னுது இல்லியே. உன்னுது கொஞ்சம் மூக்கால அழுவும்” என்றார். என் திறமையைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான்.

அந்த நாட்களில்தான் என் மகள் பிறந்தாள். அதற்கு முன்னால் ஒரு குழந்தை எங்களுக்குத் தங்கவில்லை. அதைப் பற்றி நானும் என் வீட்டுக்காரியும் பேசிக்கொள்வதில்லை. நான் வேடிக்கை பேசாத ஒரே விஷயம் அது. அதனால் இந்தக் குழந்தை தும்மினாலும் வீட்டில் ஊரடங்கு மாதிரி ஆகிவிடும். பிறந்து சில வாரங்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தூளிப் பக்கமிருந்து மெலிசாக ஒரு விசில் கேட்டது. ‘ஊய்ங்’ என்று ஒன்று. கொஞ்சம் விட்டு மறுபடியும் ‘ஊய்ங்’. என் விசிலைத் தூளியில் போட்டுவிட்டேனோ என்று சோற்றுக் கையோடு எழுந்து சட்டைப் பையைத் தடவினேன். விசில் பையில் இருந்தது. சத்தம் குழந்தையின் தொண்டையிலிருந்து வந்தது. மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் வந்தது. மல்லாக்கப் படுத்தால் அதிகம், பால் குடிக்கும்போது இன்னும் அதிகம், அழுதால் தெருவுக்கே கேட்கும். தோளில் சாய்த்துக்கொண்டால் மட்டும் கொஞ்சம் தணியும்.

எங்கள் தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நெஞ்சுச் சளி என்றார்கள், பட்சி தோஷம் என்றார்கள். எதிர்வீட்டு அக்கா சொன்னதுதான் என்னைப் படுத்தியது. “நீ ஊட்டுக்கு வந்தும் விசில் ஊதிக்கினே இருந்தியேப்பா, வயித்துல இருந்த புள்ள அத்தப் புடிச்சிக்கிச்சி” என்றார். சிரித்து வைத்தேன். ஆனால் அன்றிலிருந்து வீட்டு வாசலிலேயே விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன். என் வீட்டுக்காரி குழந்தையைக் கீழே விடவேயில்லை. படுக்க வைத்தால் சத்தம் ஏறுகிறது என்று தோளிலேயே வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டாள். “இதுவும் போயிடுமாங்க?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

விழுப்புரத்தில் காது, மூக்கு, தொண்டை பார்க்கும் ஒரு டாக்டரம்மா இருந்தார். எங்கள் வண்டியிலேயே கூட்டிக்கொண்டு போனேன். வண்டி திரும்பக் கிளம்ப நேரம் இருந்ததால் டிரைவர் அண்ணனும் கூடவே வந்து, யாரும் கேட்காமலே உள்ளே வந்து சுவரோரம் நின்றுகொண்டார். டாக்டரம்மா குழந்தையை மல்லாக்கப் போட்டுக் கேட்டார், குப்புறப் போட்டுக் கேட்டார், உதட்டின் நிறம் பார்த்தார், எடை பார்த்தார். விளக்கு பொருத்திய வளைந்த தகடு ஒன்றை வைத்து ஒரு நொடி தொண்டைக்குள்ளே பார்த்தார். பிறகு எங்களை உட்காரச் சொன்னார்.

“பயப்படாதீங்க. குரல்வளைக்கு மேல ஒரு மூடி மாதிரி இருக்கும். அதுவும் அதைச் சுத்தி இருக்கிற சதையும் எல்லாருக்கும் கொஞ்சம் விறைப்பா நிக்கும். உங்க பாப்பாவுக்கு அது இன்னும் இளசா இருக்கு. மூச்சை இழுக்கும்போது உள்பக்கமா மடங்கி ஒட்டிக்குது, அந்தச் சந்துல காத்து போறதாலதான் இந்தச் சத்தம். இளநி வழுக்கை இருக்குல்ல, அந்த மாதிரின்னு வச்சுக்கோங்க. வளர வளரத் தேங்கா மாதிரி முத்திடும். முத்தினா சத்தம் தானா நின்னுடும்.”

“அப்போ எனக்குப் பொண்ணு பொறக்கலீங்க, இளநி பொறந்திருக்கு” என்றேன். பயத்தில் வாய் தானாக ஓடும் எனக்கு. டாக்டரம்மா சிரிக்கவில்லை. சத்தம் அடுத்த சில மாதம் இன்னும் கூடும், பயப்பட வேண்டாம் என்றார். பாலைச் சாய்த்து வைத்துக் கொடுக்கச் சொன்னார், குடித்த பின்னே நிமிர்த்தி வைத்துக்கொள்ளச் சொன்னார், மாதாமாதம் எடை பார்க்க வரச் சொன்னார். பிறகு விரலை நீட்டிச் சொன்னார்: “தொண்டையில சிக்கின தொக்கத்தை எடுக்கிறேன், உள்நாக்கைத் தூக்கிவிடறேன்னு யார் வாய்க்குள்ளேயும் கை விட்டுடக் கூடாது, ஊதக் கூடாது. பிஞ்சுத் தொண்டை, வீங்கிப் போச்சுன்னா இருக்கிற வழியும் அடைச்சுக்கும். இன்னொண்ணு. உதடு நீலமாச்சுன்னாலோ, குழந்தை மூச்சுக்குப் போராடிக்கிட்டே, நெஞ்சுக்குழி உள்ளே இழுத்துக்கிட்டே, சத்தம் மட்டும் குறைஞ்சிட்டே போச்சுன்னாலோ உடனே ஓடி வரணும்.” அவர் இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது நான் அடுத்த ஜோக்கைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அதனால் என் காதில் விழுந்தது வாக்கியத்தின் பின்பாதி மட்டும்தான். அதன் பலன் பிறகு வந்தது.

வெளியே வந்ததும் டிரைவர் அண்ணன் குழந்தையின் கழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “வழுக்க” என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலை நான் வண்டி ஏறியதும் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: “இன்னா, வழுக்கையா தேங்காயா?”

“வழுக்கதாண்ணே.”

அதற்கப்புறம் தினமும் அதே கேள்வி, அதே பதில். கொஞ்ச நாளில் வழக்கமாக ஏறும் பயணிகளும் பழகிக்கொண்டார்கள். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டையோடு மார்க்கெட்டுக்கு வருகிற ஒரு பெரியவர், டிக்கெட் கேட்பதற்கு முன்னால் தேங்காய் கேட்பார். என்ன விசேஷம் என்று புரியாத புதுப் பயணிகள் என்னைத் தேங்காய் வியாபாரி என்றே முடிவு செய்திருந்தார்கள்.

மாதாமாதம் எடை பார்க்க என் வீட்டுக்காரி குழந்தையோடு எங்கள் வண்டியில்தான் வருவாள். அன்றைக்கெல்லாம் ஒரே கலாட்டா. குழந்தை நீளமாக ஒரு மூச்சு இழுத்தால் போதும், தெரியாதவர்கள் ஸ்டாப் வந்துவிட்டது என்று எழுந்து மூட்டையை எடுத்துக்கொள்வார்கள். “ஒக்காருங்க, ஒக்காருங்க, அது சின்னக் கண்டக்டரு” என்று நான் கத்த வேண்டியிருக்கும். வண்டிக்குள் எல்லாரும் ஏமாந்தார்கள், சில சமயம் நானே ஏமாந்து படிப் பக்கம் போயிருக்கிறேன். டிரைவர் அண்ணன் மட்டும் ஒருநாளும் பிரேக்கில் கால் வைத்ததில்லை. இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் வேண்டியிருக்கிறது.

டாக்டரம்மா சொன்னபடியே மாதம் ஏற ஏறச் சத்தமும் ஏறியது. கூடும் என்று அவர் சொன்னது எங்களுக்குத் தெரியும். தெரிந்தது வேறு, பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்பது வேறு. அந்தச் சமயம் பார்த்து என் பெரிய அண்ணி வந்தார். அண்ணிக்கு எங்கள் குடும்பத்தில் எதிர்ப்பே கிடையாது, நல்ல மனசுக்காரர், அதனாலேயே யாராலும் மறுத்துப் பேச முடியாது. கேழ்வரகு மாவு கொண்டுவந்த பையைக் கீழே வைத்ததும் குழந்தையின் மூச்சைக் கேட்டார், முகம் மாறிவிட்டது. “இது தொக்கம் தம்பி. பால் தெரண்டு தொண்டையில நிக்குது. கூட்டேரிப்பட்டாண்ட ஒரு ஆளு இருக்காரு. ஒரே ஊது, உள்ள இருக்கறது வெளிய வந்துடும். டாக்டருக்கு இதெல்லாம் இன்னா தெரியும்?”

“வாய்க்குள்ள யாரும் கை வெக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிறாங்கக்கா” என்றாள் என் வீட்டுக்காரி.

“அப்பிடிச் சொல்லித்தான் போன கொழந்தையும்…” என்று ஆரம்பித்து அண்ணி பாதியில் நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது போதவில்லை. அந்தப் பாதி வார்த்தையைக் கேட்டதும் என் வீட்டுக்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாளே போவதென்று அண்ணி முடிவு செய்தார். நான் தைரியசாலி என்று இதுவரை எங்கும் சொல்லிக்கொண்டதில்லை. அன்றைக்குச் சொல்லிக்கொள்ள வாய்ப்பு வந்தது, விட்டுவிட்டேன்.

மறுநாள் மூவரும் திண்டிவனத்தில் எங்கள் வண்டியிலேயே ஏறினார்கள். டிரைவர் அண்ணன், “இன்னா, எடை போடவா?” என்று கேட்டார். “இல்லண்ணே, கூட்டேரிப்பட்டுல எறங்கறாங்க. தொக்கம்” என்றேன். அவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு நான் ஏன் எந்த ஊர்ப் பெயரையும் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்று யாரோ கேட்டார்கள். கூட்டேரிப்பட்டு வந்தது. ஒரு விசில் ஊதினேன். எனக்கே கேட்காத மாதிரி ஊதினேன். வண்டி நின்றது. இறங்குகிறவர்கள் இறங்கினார்கள், ஏறுகிறவர்கள் ஏறினார்கள். அண்ணி எழுந்து பையை எடுத்தார். என் வீட்டுக்காரி எழவில்லை. குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அந்த இறுக்கலில் குழந்தைக்கு அழுகை வந்து, மூச்சை இழுத்தது. ‘ஊய்ங்.’ அடுத்த மூச்சு. ‘ஊய்ங்.’

வண்டி கிளம்பிவிட்டது.

“ஹோல்டான், ஹோல்டான்” என்று அண்ணி கத்தினார். கண்டக்டர் நான், கத்த வேண்டியவன் வாயைத் திறக்கவில்லை. டிரைவர் அண்ணன் கியரை மாற்றிக்கொண்டே சொன்னார்: “ரெண்டு விசில் கேட்டுச்சேம்மா. எடுத்துட்டேன்.”

“அது கொழந்தைப்பா.”

“அப்பிடியா. எனக்கு இன்னா தெரியும், வண்டி ஓட்டிக்கினு இருக்கறவனுக்கு.” வண்டி வேகம் பிடித்தது. “இனிமே நடுவுல நிறுத்தினா பின்னால வர்றவன் இடிச்சிடுவான். விக்கிரவாண்டியில எறங்கித் திரும்பி வாங்க.” விக்கிரவாண்டி வந்ததும் அவரே சொன்னார்: “இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, விழுப்புரத்துல எடையாவது பாத்துக்கினு போங்க. ஊதறவரு எங்கியும் ஓடிட மாட்டாரு.” அவர் ஒரே நாளில் அத்தனை வார்த்தை பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

டாக்டரம்மா எடைத் தட்டில் குழந்தையைக் கிடத்தியபோது முள் ஏறிப்போய் நின்ற இடத்தை அண்ணியிடமே காட்டினார். மூச்சுக்கு வழி இல்லாத குழந்தை இப்படிப் பால் குடித்து இப்படிக் கொழுக்குமா என்று ஒரு கேள்விதான் கேட்டார். அண்ணி குழந்தையின் தொடையைப் பிடித்துப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், மறுபடியும் தொடையைப் பார்த்தார். சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்ததில் எங்களில் யாரும் தொடையைப் பார்த்திருக்கவில்லை. திரும்பும் வழியில் கூட்டேரிப்பட்டு வந்தபோது நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தேன். “இன்னா பாக்கறே? எனக்கு ஊட்ல வேல இருக்கு. ஜல்தி ரைட் குடு” என்றார்.

அந்த நாட்களைப் பற்றி ரொம்ப யோசித்திருக்கிறேன். யோசிப்பது எனக்குப் பழக்கமில்லை என்பதால் மெதுவாகத்தான் வரும். குழந்தை என்றால் எல்லா வேலையும் முடிந்து, பூச்சுப் பூசி, சாவியைக் கையில் கொடுக்கிற வீடு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வெளியே வந்த பிறகும் உள்ளே வேலை நடந்துகொண்டேயிருக்கிறது. சாலையில் கல்லைக் கொட்டி, ‘வேலை நடக்கிறது, மெதுவாகச் செல்’ என்று பலகை வைப்பார்களே, என் மகளின் தொண்டையிலிருந்து வந்தது அந்தப் பலகைதான். பலகையைப் பிடுங்கிப் போட்டால் சாலை சீக்கிரம் முடியும் என்று நாங்கள் நம்பினோம். டிரைவர்களுக்கு மட்டும்தான் அதைப் பார்த்ததும் மெதுவாகப் போக வேண்டும் என்று தோன்றும் போலிருக்கிறது.

மகள் நடை பழகி, தட்டுத்தடுமாறி ஓட ஆரம்பித்திருந்த சமயம். ஒரு காலையில் நான் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து, “இன்னாங்க, சத்தம் வரல” என்றாள். போய்ப் பார்த்தேன். மகள் மல்லாக்கப் படுத்து, காலை மேலே தூக்கிக்கொண்டு, நான் ஆணியிலிருந்து எடுத்து வைத்திருந்த விசிலின் கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தாள். மூச்சு போகிறது, வருகிறது, சத்தமில்லை. கொஞ்ச நாளாகவே தேய்ந்துகொண்டு வந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. எனக்கு டாக்டரம்மாவின் விரல் ஞாபகத்துக்கு வந்தது. சத்தம் குறைந்தால் உடனே ஓடி வரணும். மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினேன், பின்னாலேயே என் வீட்டுக்காரி. செருப்பு வலது காலில் மட்டும் இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

“அண்ணே, சத்தம் நின்னுபோச்சி” என்றேன். டிரைவர் அண்ணன் அன்றைக்கு வழுக்கையா தேங்காயா என்று கேட்கவில்லை. என் இடுப்பில் இருந்த மகள் டிரைவர் ஜன்னல் வழியே அவருக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்ததை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன், ரெண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை. ரெண்டு விசில்கூட இல்லாமல் வண்டி எடுத்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். விக்கிரவாண்டியில் இறங்க வேண்டியவர்கள் அவர்களாகவே, “எங்கள அப்பறம் எறக்கு, நீ போப்பா” என்றார்கள். மல்லாட்டைப் பெரியவர் வழியெல்லாம் குழந்தையின் மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டே வந்தார். மகள் அந்த விரலைக் கடித்தாள்.

டாக்டரம்மா படுக்க வைத்துப் பார்த்தார், அழ வைத்துப் பார்த்தார். “எதுக்கு வந்தீங்க?” என்றார்.

“சத்தம் நின்னுடுச்சிங்க.”

“அதுக்குத்தானே இத்தனை நாளாக் காத்துக்கிட்டிருந்தீங்க?”

“சத்தம் கொறஞ்சா ஓடியாரணும்னு நீங்கதாங்க…”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். செருப்பில்லாத காலில் பார்வை நின்றது. “மூச்சுக்குப் போராடும்போது சத்தம் குறைஞ்சான்னு சொன்னேன். அந்த முன்பாதியை எந்த ஸ்டாப்ல இறக்கிவிட்டீங்க?” அவர் சொன்ன முதல் ஜோக் அது. நான் அதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது என்பதை இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. என் வீட்டுக்காரி முதலில் சிரித்தாள், பிறகு குழந்தையின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நிமிர ரொம்ப நேரம் ஆயிற்று.

கதவருகே டிரைவர் அண்ணன் நின்றிருந்தார். “டாக்டரம்மா, தேங்காயா?” என்றார்.

“தேங்கா.”

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நாங்கள் வெளியே வந்தபோது பஸ் நிலையத்துப் பிள்ளையாருக்கு முன்னால் ஒரு காயைச் சிதறடித்துவிட்டுச் சில்லு ஒன்றை மென்றுகொண்டிருந்தார். “நல்ல முத்தல்” என்றார்.

இப்போது அந்தச் சாலை நாலு வழியாகிவிட்டது. முண்டியம்பாக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரியும் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டன. என் மகள் முகையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். மைதானத்தின் இந்த மூலையிலிருந்து அவள் கத்தினால் அந்த மூலையில் ஓடுகிற பையன் நின்றுவிடுகிறான். இளநி வழுக்கையாக இருந்த இடம் அதுதான் என்று சொன்னால் அந்தப் பையன்கள் நம்ப மாட்டார்கள்.

போன மாதம் அவளுக்கு விடுமுறை. “பெரியப்பாவப் பாத்துட்டு வரலாம்பா” என்றாள். டிரைவர் அண்ணனை அவள் அப்படித்தான் அழைப்பாள். கிளம்பும்போது இழுப்பறையிலிருந்து விசிலை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். முண்டியம்பாக்கத்தில்தான் அவர் மகன் வீடு. பிளாஸ்டிக் நாற்காலியில் வாசல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். காது கேட்கவில்லை என்று மகன் சொன்னார். காதில் மாட்டுகிற கருவி சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது. ஏன் மாட்டவில்லை என்று சைகையில் கேட்டேன். “உன்னாண்ட மாட்டிக்கினு கேட்ட வரைக்கும் போதும்” என்றார்.

நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் காதோரம் குனிந்து, இத்தனை வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். “அண்ணே, அன்னிக்குக் கூட்டேரிப்பட்டுல, நெஜமாவே என் விசில்னு நெனச்சித்தான் வண்டிய எடுத்தீங்களா?”

“இன்னா?”

இன்னும் சத்தமாகக் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“ஒண்ணும் கேக்கல தம்பி” என்று கையை விரித்தார்.

மகள் தெருக் கோடியில், வண்டியை நிறுத்திவிட்டு வந்துகொண்டிருந்தாள். அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டுப் பையிலிருந்து விசிலை எடுத்தாள். ரெண்டு தடவை ஊதினாள். கொஞ்சம் மூக்கால் அழுகிற அதே சத்தம்.

டிரைவர் அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய இடது கால் மட்டும், கிளட்சை மிதிப்பதுபோலத் தரையை அழுத்தியது. கை, நாற்காலிக்குப் பக்கத்தில் காற்றில் கியரைப் போட்டது.